டப்பாவின் இடது கண்

ஸ்டானிஸ்லாஸ் இதுவரை பதினேழு முறை செத்திருக்கிறார். அதில் ஒன்பது முறை கதை தொடங்குவதற்கு முன்பே செத்து, மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினார். மிச்ச எட்டு முறை முதல் வாரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். நம் ஊர்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் அப்பாக்களுக்கு ஆயுள் கெட்டியில்லை. அப்பா செத்தால்தான் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும், சண்டை வந்தால்தான் நாடகம் நகரும். ஆகவே பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்து, ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அந்த மனிதர், லீவு போட்டுப் போட்டுப் போய் முப்பது வருடம் செத்துக்கொண்டிருந்தார்.

சாகாத நாட்களில் நீதிபதியாக மேசையைத் தட்டினார். டாக்டராகக் கண்ணாடியைக் கழற்றி, "இருபத்து நாலு மணி நேரம் போகணும்" என்றார். கதாநாயகன் பேசும்போது பின்னால் நிற்கும் நாலு பேரில் ஒருவராகவும் நின்றார். பின்னால் நிற்பவனுக்கு ஒரு வித்தை தெரிந்திருக்க வேண்டும். கேமரா எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்து, கழுத்தை அந்தப் பக்கம் முக்கால்வாசி திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒளிபரப்பில் அவன் காது மட்டும்தான் வரும். ஸ்டானிஸ்லாஸின் கழுத்து இதில் கில்லாடி. முதுகில் கண் வைத்திருக்கிறாரோ என்று யூனிட்டில் கிண்டல் செய்வார்கள்.

எதிரில் ஆள் இல்லாமல் நடிப்பதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதிரில் நிற்க வேண்டியவருக்கு வேறு நாடகத்தில் வேலை இருக்கும். தன் வசனத்தை முடித்துக்கொண்டு அவர் ஓடிவிடுவார். அவர் நின்ற இடத்தில் உதவி இயக்குநர் கையை மடக்கித் தூக்கிப் பிடிப்பார். அந்த முஷ்டிதான் மனைவி, அதுதான் துரோகம் செய்த தம்பி. ஒரு கல்யாணக் காட்சியில் ஸ்டானிஸ்லாஸ் மகளைப் பிரிய முடியாமல் தேம்பித் தேம்பி அழுதது, மடக்கிய ஒரு குடையைப் பார்த்து. பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குடை எங்கே போயிற்று என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே போன வருடம் ஷாமினி என்ற பெண் போன் செய்தபோது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பூச்சோங்கிலிருந்து பேசிய ஷாமினி அதுவரை விளம்பரங்கள் எடுத்துக்கொண்டிருந்தவள். இது அவளுக்கு முதல் படம்.

"அங்கிள், ஃபேமிலி படம். நீங்கதான் மெயின். கடைசி வரைக்கும் உயிரோட இருக்கீங்க."

"உயிரோடயா? நெசமாவா மா?"

"நெசமா அங்கிள். கூட நடிக்கிறது ஒரு பொம்மை. நீர்நாய்க் குட்டி."

கதையை அவள் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். கிள்ளான் ஆற்றங்கரையில் மதகைக் காவல் காக்கும் ஒண்டிக்கட்டைக் கிழவர். வெள்ளத்தில் மிதந்து வந்த பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு நீர்நாய்க் குட்டி கிடக்கிறது. அது பேசும், ஆனால் அவரிடம் மட்டும். அவர் அதற்கு டப்பா என்றே பேர் வைக்கிறார். கடைசியில் அதன் கூட்டம் தேடி வருகிறது, அது போய்விடுகிறது.

"நல்லாருக்கு. பொம்மைய யாரு ஆட்டுறா?"

"நட்டாலி. உங்க மகதானே அங்கிள்? அவங்க போன மாசமே ஓகே சொல்லிட்டாங்க. அப்பாவும் மகளும் ஒரே படத்துல, நல்லாருக்கும்ல?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஷாமினி இரண்டு முறை ஹலோ சொன்னாள். அப்பாவும் மகளும் பேசி நாலு வருடம் ஆகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நாலு வருடத்துக்கு முன்புதான் அவர் மனைவி பிரெண்டா போனாள். பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவள். காலையில் வேலைக்குக் கிளம்பி லிஃப்ட்டுக்குக் காத்திருந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. பெர்த்திலும் லண்டனிலும் இருந்த சொந்தங்கள் வந்து சேர முடியாததால், மாதா கோயில் பூசையைப் போனில் நேரடியாகக் காட்ட ஏற்பாடாயிற்று. இப்போதெல்லாம் எல்லார் வீட்டுச் சாவிலும் அது வழக்கமாகிவிட்டது. அந்த வேலையை நாடக யூனிட் மேக்கப்மேன் விஜயன் ஏற்றுக்கொண்டார்.

பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக முகம் பார்க்கும் நேரம். ஸ்டானிஸ்லாஸ் தலைமாட்டில் நின்றார். விஜயன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்தார். ஸ்டானிஸ்லாஸ் ஓர் எட்டு வலப்பக்கம் நகர்ந்து நின்றார். ஜன்னல் வெளிச்சம் விழும் இடம் அது. கழுத்து முக்கால்வாசி திரும்பியது. அதற்கப்புறம்தான் அவர் உடைந்து அழுதார்.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். 'அங்கிள் ஆக்டிங் சூப்பர்' என்று எவனோ ஒரு மடையன் எழுதி, பக்கத்தில் ஓர் இதயமும் போட்டிருந்தான்.

எட்டாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நட்டாலி கேட்டாள்.

"டாடி, அழறதுக்கு முன்னாடி நீங்க போனைப் பாத்தீங்க. பாத்துட்டு நகந்து நின்னீங்க."

"அது பழக்கம்மா. முப்பது வருசப் பழக்கம். கழுத்து தானா போவுது."

"தானாவா?"

"மாதா சத்தியமா தானாதான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தவள் மாதிரி இருந்தது. அவர் போய் மின்விசிறியைப் போட்டார். அடுத்த வாரம் அவள் ஷா ஆலத்தில் தோழியோடு வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி வாழ்த்து வரும். அவரும் ஒரு வரி பதில் போடுவார். கல்லறைத் திருநாளுக்கு அவர் போவதற்குள் பிரெண்டாவின் கல்லறையில் மெழுகுவத்தி எரிந்து முடிந்திருக்கும். நட்டாலி விடிந்ததும் வந்துவிட்டுப் போயிருப்பாள். ஒருமுறை ஏதோ ஒரு பேரங்காடியில் அவள் குழந்தைகளுக்குப் பொம்மை நாடகம் போடுகிறாள் என்று கேள்விப்பட்டுப் போய், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு கோழிப் பொம்மையும் ஒரு லோரி வண்டியும் சண்டை போட்டன. குழந்தைகள் சிரித்து உருண்டன. அவள் கறுப்புத் துணிக்குப் பின்னால் இருந்தாள். முக்கால் மணி நேரம் நின்றும் மகளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. கோழியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஆகவே ஷாமினிக்கு அவர் சொன்ன சரி, படத்துக்குச் சொன்ன சரி இல்லை. பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு. அதில் ஒரு நாள், ஒரே ஒரு முறை, அவள் 'டாடி' என்று கூப்பிட்டால் போதும். அதற்காக நீர்நாய் என்ன, முதலையோடு நடிக்கச் சொன்னாலும் அவர் நடித்திருப்பார்.

முதல் நாள் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய் இறங்கினார். ஒரு பழைய கிடங்குக்குள் மதகு வீட்டை நிஜம் போலக் கட்டியிருந்தார்கள். ஆனால் வீட்டின் தரை மனித இடுப்பு உயரத்துக்கு மேலே இருந்தது. பலகைத் தரையில் அங்கங்கே நீளமாகப் பிளவு விட்டிருந்தார்கள். பொம்மையை ஆட்டுகிறவர்கள் கீழே, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கையை அந்தப் பிளவு வழியாக மேலே நீட்டுவார்கள். நட்டாலியின் வலது கை டப்பாவின் தலைக்கும் வாய்க்கும். ரிஷி என்ற இளைஞன் கம்பிகளால் அதன் முன்னங்கால்களை அசைத்தான். மேலே நடப்பது எதுவும் கீழே படுத்திருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் நெஞ்சுக்கு மேலே ஒரு சின்னத் திரை இருக்கும். கேமரா எதைப் பார்க்கிறதோ, அதை மட்டும் அவர்கள் பார்ப்பார்கள். காதில் மாட்டிய கருவியில் நடிகரின் குரல் கேட்கும்.

நட்டாலி கறுப்புச் சட்டையில் வந்தாள். இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். எல்லாரும் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள்.

"மார்னிங், அங்கிள்" என்றாள் அவள்.

யூனிட்டில் எல்லாருக்கும் அவர் அங்கிள்தான். அவளும் அப்படியே கூப்பிட்டதை ஷாமினி வேலை ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டு பாராட்டினாள். ஸ்டானிஸ்லாஸ் "மார்னிங் மா" என்று சொல்லிவிட்டு மேக்கப் போடப் போனார்.

முதல் ஷாட்டிலேயே மானம் போயிற்று. டப்பாவின் முன்னால் குனிந்து, "அடடே, யாரு இது, செல்லக்குட்டி" என்று குழைந்தார். அதன் தலையில் தட்டினார். தட்டிவிட்டுக் கழுத்தைக் கேமரா பக்கம் திருப்பி, பார்த்தீர்களா எவ்வளவு வேடிக்கை என்பது போலப் புன்னகை செய்தார். ஷாமினி கட் சொன்னாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி கட். மூன்றாவது முறை அவர் வசனத்தை நடுவில் விட்டுவிட்டுக் கீழே, பலகைப் பிளவைப் பார்த்தார். கீழே இருட்டில் ஒரு பெண்ணின் முடி மட்டும் தெரிந்தது.

"அங்கிள், கீழ பாக்காதீங்க லா. கீழ யாருமே இல்ல" என்றாள் ஷாமினி.

பதினான்கு டேக் போயிற்று. கேமராமேன் சுகுமாறன் தே தாரே டீ குடிக்கப் போய்விட்டார். ஷாமினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயதில் பாதிகூட இருக்கமாட்டாள், ஆனால் பயப்படாமல் சொன்னாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பொம்மைகிட்ட பேசறீங்க. அது பொம்மைனு உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்கிறீங்க. அப்படிக் கொஞ்சினா தியேட்டர்ல உக்காந்திருக்கற சின்னப் பிள்ளைக்கு உடனே தெரிஞ்சுரும். அது டப்பாவைப் பாக்காது, உங்க மூஞ்சியத்தான் பாக்கும். நீங்க நம்புனா அதுவும் நம்பும். டப்பாவோட உசிரு பாதி நட்டாலி கையில. மீதி பாதி உங்க கண்ணுல."

"எந்தக் கண்ணைப் பாக்கறது மா? அது ரெண்டும் ரெண்டு பக்கமா இருக்கே."

"ஒரு கண்ணை மட்டும் பாருங்க. இடது கண்ணு. ரெண்டுக்கும் நடுவுல பாத்தீங்கனா பார்வை செத்துப் போயிரும். அப்புறம் அவசரப்படாதீங்க. அது தலையத் திருப்ப அரை செகண்ட் ஆகும். அது யோசிக்குதுனு நெனைச்சு விட்டுருங்க. பெரிய ஆளு வசனம் பேசும்போது வெயிட் பண்ணுவீங்கல்ல? அப்படி."

குடையைப் பார்த்து அழுதவருக்கு இது புதிய பாடமாக இருந்தது. குடை அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் முடிக்கும்வரை அது பேசாமல் நிற்கும், அவ்வளவுதான். இந்த நீர்நாய் குறுக்கே பேசியது, மூக்கைச் சுருக்கியது, அவர் தவறான இடத்தில் பெருமூச்சு விட்டால் காத்திருந்தது. நல்ல நடிகர்களிடம் அவர் கண்ட எல்லாக் கெட்ட பழக்கமும் அதனிடம் இருந்தது.

ஷாமினி இன்னொன்றும் ஏற்பாடு செய்தாள். தினமும் காலையில் கேமரா ஓடாமல் கால் மணி நேரம் அவரும் டப்பாவும் சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டும். வசனம் வேண்டாம், எது வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் டப்பா டப்பாவாகத்தான் பதில் சொல்லும். பழகினால்தான் திரையில் பழகியவர்கள் மாதிரி இருக்கும் என்றாள். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஸ்டானிஸ்லாஸ் வழக்கத்தைவிட முந்திய ரயிலைப் பிடித்தார்.

"நேத்து என்ன சாப்ட?" என்று கேட்டார் இரண்டாம் நாள்.

"மீனு" என்றது டப்பா, மூக்கால் பேசும் சன்னக் குரலில். "நீங்க?"

"நானா? நாசி லெமாக். தனியாத்தான். ராத்திரி எங்க தங்கற?"

"ஆத்துலதான்."

"பத்திரமான எடமா? கதவு நல்லா பூட்டிக்கிதா?"

டப்பா அரை விநாடி யோசித்தது. "ஆத்துக்குக் கதவு ஏது?" என்றது. யூனிட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கேட்டது ஷா ஆலம் வீட்டுக் கதவை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள் பேச்சுவாக்கில், "எனக்குக் கை வலிக்குது" என்றது டப்பா. நீர்நாய்க்கு ஏது கைவலி. மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடையில் தைலம் வாங்கிக்கொண்டு போய், யாரும் பார்க்காதபோது பலகைப் பிளவின் ஓரத்தில் வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. சாயங்காலம் முழுக்கப் பலகைக்குக் கீழிருந்து தைல வாசனை வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் ரயிலில் நின்றுகொண்டே வந்தார், உட்கார இடம் இருந்தும்.

ஆசை யாரை விட்டது? அடுத்த நாள் கொஞ்சம் துணிந்தார்.

"டப்பா, உங்கம்மா இருந்தா இப்ப என்ன சொல்வாங்க?"

டப்பா தலையை மெல்லத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டது. அந்தக் கண்ணாடிக் கண்ணில் ஒரு விளக்கு தெரிந்தது, அவ்வளவுதான். ஷாமினி, "அழகா இருக்கு நட்டாலி, அந்த மூவ்மென்ட்டை வச்சுக்கோங்க" என்றாள். ஸ்டானிஸ்லாஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அதற்குப் பின் அவர் பிரெண்டாவைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. கீழே பார்க்கக்கூடாது, பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது என்று ஆனபின், அவர் மேலே இருந்ததைப் பார்க்கத் தொடங்கினார். அந்த இடது கண்ணை. அவள் மூச்சு வாங்கும்போது அதன் தோள் ஏறி இறங்கியது. அவள் களைத்துப்போனால் அதன் தலை ஒரு நூல் சாய்ந்தது. நாலு வருடமாக மகள் எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் கிடந்தவருக்கு, ஒரு கம்பளித் தோலுக்கு மேலே எல்லாம் தெரிந்தது. அவள் சிரிப்பதும் தெரிந்தது, பசியோடு இருப்பதும் தெரிந்தது. எட்டாம் நாள் மதியம் ரிஷி டப்பாவின் கழுத்தில் கொக்கியை மாட்டிச் சுவரில் தொங்கவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். ஸ்டானிஸ்லாஸ் கத்திய கத்தலில் மேக்கப் அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "புள்ளைய அப்படியா தொங்க விடுவ? அறிவு இருக்கா உனக்கு?" ரிஷி முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நட்டாலி சிரிக்கவில்லை. வந்து டப்பாவைக் கொக்கியிலிருந்து எடுத்து, துணி விரித்து மேசையில் படுக்க வைத்தாள்.

"தேங்க்ஸ், அங்கிள்" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் பிரிவுக் காட்சி. கிடங்குக்குள் ஆற்றங்கரை வந்திருந்தது. நாணல், மரப்படி, நிஜத் தண்ணீர். கடைசிப் படியில் டப்பா. அதற்கு மேல் படியில் கிழவர், படிகளுக்குக் கீழே நட்டாலி. சுகுமாறன் விளக்குகளைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கண்ணீர் வந்தால் கன்னத்தில் மின்ன வேண்டும். கேமரா கிழவரின் முகத்துக்கு வெகு அருகில் வந்து நின்றது. நாளை முதல் நட்டாலி பள்ளிக்கூடப் பொம்மை நாடகங்களுக்காக ஜொகூர் பக்கம் போகிறாள் என்று சாப்பாட்டு வேளையில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பன்னிரண்டு நாளும் 'அங்கிள்' என்றே கழிந்துவிட்டது. இந்த ஒரு காட்சிதான் மிச்சம்.

"ஆக்ஷன்."

"நான் போனா என்னைத் தேடுவீங்களா?" என்றது டப்பா.

"தேடமாட்டேன். நீ நல்லா இருந்தா போதும்." இதுதான் அவர் சொல்ல வேண்டிய வசனம். இதைச் சொல்லும்போது கண் கலங்க வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது.

அவர் அந்த இடது கண்ணைப் பார்த்தார். தேடமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. தேடாமல் என்ன செய்தார் இந்த நாலு வருடம்? தூணுக்குப் பின்னால் நின்று தேடினார், எரிந்து முடிந்த மெழுகுவத்தியில் தேடினார். அழுகை வந்தது. நாடகத்தில் வருகிற அழுகை அல்ல. மூக்கு ஒழுகி, வாய் கோணிக்கொண்டு, பார்க்கச் சகிக்காத அழுகை. அதே நேரத்தில் கழுத்து கேமரா பக்கம் போகத் தொடங்கியது. அதையும் அவர் கண்டார். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தனக்குத் தெரிவதையும், அன்று கோயிலிலும் இதே மாதிரி தெரிந்ததையும் கண்டார். அவருக்கே அருவருப்பாக இருந்தது. அவர் கழுத்தை இழுத்துப் பிடித்து, உடம்போடு டப்பாவின் பக்கம் திரும்பி, கேமராவுக்கு முதுகைக் காட்டி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே நட்டாலியின் சின்னத் திரையில் இப்போது ஒரு நரைத்த பின்கழுத்து மட்டும்தான் இருந்திருக்கும். காதுக் கருவியில் அவர் விம்முவது கேட்டிருக்கும். ஷாமினி கட் சொல்லக் கையைத் தூக்கியவள், என்னவோ தோன்றி நிறுத்திக்கொண்டாள்.

டப்பாவின் தலை சற்று நிமிர்ந்தது.

"ஏன் மூஞ்சிய மறைக்கிறீங்க?" என்றது. காகிதத்தில் இல்லாத வசனம்.

"கேமராவுக்குக் காட்ட வேணாம்னு."

அரை விநாடி ஆயிற்று. அவர் காத்திருந்தார்.

"அன்னிக்குக் காட்டினீங்களே." இது மூக்கால் பேசும் சன்னக் குரல் இல்லை. நட்டாலியின் சொந்தக் குரல். "பழக்கம்னு சொன்னீங்க. மாதா மேல சத்தியம் பண்ணீங்க."

சட்டைக்குள் மைக் இருப்பது ஸ்டானிஸ்லாஸுக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, அவர் குரலைத் தாழ்த்தவில்லை. டப்பாவின் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"பொய் மா. பழக்கம் இல்ல. விஜயன் போனத் தூக்கிட்டு வர்றதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் நகந்து நின்னேன். முப்பது வருசத்துல எவனும் என் மூஞ்சிகிட்ட கேமராவ கொண்டாந்தது இல்ல. அன்னிக்கு வந்துச்சு. விட மனசு வரல. உங்கம்மா பெட்டியில கெடக்கறா, எனக்குப் புத்தி அங்க போச்சு. அழுதது நெசம். ஆனா திரும்புனது தெரிஞ்சேதான் திரும்புனேன். உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

டப்பாவின் தலை மெல்ல மெல்ல இறங்கி, மரப்படியில் கவிழ்ந்து கிடந்தது. கையை எடுத்துவிட்டாள், போய்விட்டாள் என்று அவர் நினைத்தார்.

படிக்குக் கீழிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு குரல் வந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும், டாடி. நீங்க சொல்லுவீங்கனுதான் இருந்தேன்."

ஸ்டானிஸ்லாஸ் இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டார். டப்பாவின் தலை மறுபடி மேலே வந்தது. கொஞ்சம் நடுங்கியது, பிறகு நேராக நின்றது.

"இன்னொரு டேக் போலாம்" என்றாள் நட்டாலி. "இந்தத் தடவை மூஞ்சிய அந்தப் பக்கம் காட்டுங்க டாடி. கீழ எனக்கு அந்தத் திரையிலதான் தெரியும்."

அவர் முகத்தைத் துடைக்காமலேயே கேமரா பக்கம் திரும்பினார்.